உங்களுக்குத் தெரியுமா? சேலத்துக் கல்லும் சீமைக் கல்லறையும்

கல்லறை, இறந்தவரின் பெயரைச் சொல்லும். கொஞ்சம் நின்று பார்த்தால் இருந்தவர்களைப் பற்றியும் சொல்லும். யார் காசு கொடுத்தார், எந்த மலையில் கல் எடுத்தார், என்ன உருவத்தைச் செதுக்கச் சொன்னார், எதை எழுதாமல் விட்டார் என்பதெல்லாம் அதில் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் புறப்பட்டு, சேர்வராயன் மலையேறி, சென்னை, கல்கத்தா வழியாக இங்கிலாந்தின் தேவாலய வளாகங்கள் வரை கற்களைப் பின்தொடர்ந்தால் கிடைக்கும் சேதிகள் இவை.

மலைப் பாறைக்குப் பெயர் தந்த கல்லறை

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள், சன்னலோரம் கருமை படர்ந்த பாறைகள் திரும்பத் திரும்பத் தென்படும். புவியியலில் அந்தப் பாறையின் பெயர் சார்னக்கைட். பெயர் பிறந்த இடம் கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலய வளாகம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடித்த ஜாப் சார்னக்கின் கல்லறை அங்கே இருக்கிறது. அதன் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னக்கின் பெயரையே சூட்டினார். கல்லோ வங்காளத்துக் கல் அல்ல. சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது. 1900-இல் ஹாலண்ட் வெளியிட்ட விரிவான ஆய்வில் சேர்வராயன் மலையும் அந்தப் பாறைக் குடும்பத்தில் சேர்ந்தது. பரங்கிமலையில் இதே பாறைக்குத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்ற தகுதியும் உண்டு.

ஆண்டு தப்பிப் போன ஜனவரி

சார்னக்கின் கல்லில் அவர் இறந்தது 1692 ஜனவரி 10 என்று வெட்டியிருக்கிறது. வரலாற்று நூல்களோ 1693 என்கின்றன. கல்தச்சர் மேல் பழி போட வேண்டாம். அந்தக் கால இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பழைய ஆண்டின் வால். ஜனவரி 1-ஐப் புத்தாண்டாக இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது 1752-இல்தான். அதற்கு முந்தைய ஆங்கிலேயர் கல்லறையில் இந்த மாதங்களைக் கண்டால் ஓர் ஆண்டைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

ஏற்காட்டில் ஒரு கல்லாயுதக்காரர்

இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார் என்று முதலில் காட்டியவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30-இல் பல்லாவரத்தில் அவர் குனிந்து எடுத்த ஒரு கல்லாயுதம் இந்தியத் தொல்லியலின் வயதை ஒரே நாளில் கூட்டிவிட்டது. அதே பத்தாண்டில் சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பாறை அமைப்பைப் பற்றி வில்லியம் கிங்குடன் சேர்ந்து அவர் அறிக்கை எழுதினார். வேலை ஓய்ந்த பிறகு ஏற்காட்டில் குடியமர்ந்தார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கல்லாயுதங்களையும் பானை ஓடுகளையும் 1904-இல் சென்னை அருங்காட்சியகம் 40,000 ரூபாய்க்கு வாங்கியது. 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் இறந்தார். அங்கேயே தகனம் நடந்தது. சாம்பல் மட்டும் ஏற்காட்டுக்குத் திரும்பி வந்து ஹோலி டிரினிட்டி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானது. எலும்பையும் கல்லையும் வைத்துக் காலத்தைக் கணித்தவர், தனக்கென எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பக்கத்திலேயே மாமனார்

ஃபுட்டுக்கு முன்பே அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர் அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் மிஷனரியாக இருந்தபோது பைபிளைத் தமிழாக்கினார். அந்தப் பணியில் அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். சைவத்தைக் காக்கப் பின்னாளில் பேனா பிடித்த நாவலரும் பாதிரியாரும் ஒரே மேசையில் வேலை செய்த காலம் அது. பிறகு சென்னைக்கு வந்த பெர்சிவல், 1855-இல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கினார்; மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார்; 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். 1882-இல் ஏற்காட்டில் காலமானார். ஏற்காடு ஏரியில் படகு விடப் போகிறவர்கள், பழமொழி சேர்த்த மாமனாரையும் கல்லாயுதம் சேர்த்த மருமகனையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிட்டு வரலாம்.

கோடரியே சாமி

சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்துக் கைக்கோடரிகள் கிடைத்தபோது, ஆய்வாளர்களுக்கு மண்ணைத் தோண்டும் வேலை பெரிதாக இருக்கவில்லை. வழவழப்பாகத் தேய்த்த அந்தக் கற்களை மலைவாழ் மக்கள் முன்பே பொறுக்கிவந்து சிறு கோயில்களில் சாமிக் கற்களாக அடுக்கி வழிபட்டு வந்தார்கள். செய்தவன் யாரென்று தெரியாவிட்டாலும் இது சும்மா கிடந்த கல் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சேலத்தில் பணியாற்றிய மாரிஸ் பிலிப்ஸ் என்ற பாதிரியார், மாவட்டத்தின் ஈமக் குழிகளைப் பற்றி 1873-இலேயே 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதினார்.

பாண்டவர் கட்டிய வீடா?

வட்டமாக நட்ட உருண்டைக் கற்கள், நடுவில் நாலு பலகைக் கல்லால் ஒரு பெட்டி, மேலே ஒரு மூடுகல். கிழக்குப் பலகையில் சில இடங்களில் ஒரு கை நுழையும் வட்டத் துளை. கொங்கு நாட்டு மேடுகளில் காணும் இந்த அமைப்பை ஊரார் பாண்டவர் வீடு, பாண்டவர் குகை என்பார்கள். பஞ்ச பாண்டவர் வனவாசம் போன ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் 12 ஆண்டு போதவே போதாது! இவை இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள். கல்வட்டம், கல்பதுக்கை, கல்திட்டை என்று தொல்லியலார் வகை பிரிக்கிறார்கள். உள்ளே எலும்போடு பானைகளும் மணிகளும் இரும்புக் கருவிகளும் கிடைக்கின்றன. இரும்பு அரிதாக இருந்த காலத்தில், இறந்தவரோடு அதைப் புதைக்க எவ்வளவு மனம் வேண்டும்!

மேட்டூர்ப் பக்கத்து வாள்

அப்படிப் புதைந்த இரும்புதான் இன்று உலகின் பார்வையைச் சேலம் பக்கம் திருப்பியிருக்கிறது. மேட்டூரை அடுத்த தெலுங்கனூரில் ஈமக் குழியிலிருந்து கிடைத்த வாள், கரிமம் மிகுந்த உயர்தர எஃகு என்று ஆய்வில் தெரிந்தது. அருகிலுள்ள மாங்காட்டு இரும்புக்கும் காலக் கணிப்பு நடந்தது. இரண்டுமே கி.மு. 2ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை என முடிவு வந்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' நூலில் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடம் உண்டு. கஞ்சமலை இரும்புத் தாதுவும் சேலம் உருக்காலையும் பிறந்த மண்ணுக்கு இது பொருத்தமான முன்கதை.

நடுகல்லில் ஏன் செம்பும் சிமிழும்?

தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் 1997 ஜனவரி 1 வரை. ஆகவே தருமபுரி நடுகற்களைச் சேலத்துச் சொத்து என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. ஆநிரை கவர வந்தவரை எதிர்த்து விழுந்த வீரனுக்கு எடுத்த கல் அது. ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்பு என்று வீரன் நிற்பான். காலடியைக் கவனித்தால் மூக்கு வைத்த செம்பு ஒன்றும் சிறு சிமிழ் ஒன்றும் செதுக்கியிருக்கும். செங்கம், தருமபுரி வட்டாரக் கற்களில் இவை அடிக்கடி வருகின்றன. எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து. அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், எந்தச் சண்டையில் பட்டான் என்பது வரை அடக்கமாக எழுதியிருக்கும்.

கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நட்டு வாழ்த்துவது வரை அதற்கான சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. அதியமான் இறந்தபின் அவனுடைய நடுகல்லுக்குப் படைத்த கள்ளை எண்ணி ஔவையார் கலங்கிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி.

நாய்க்கும் ஒரு கல்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் வில்லோடு நிற்கிறான். பின்னால் அவனுடைய நாய். நாயின் பெயர் கோவிவன். கள்ளரை விரட்டிக் கடித்துக் காவல் நின்ற செய்தி கல்வெட்டாக இருக்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன்பு எத்தனையோ பேர் பெயரில்லாமல் போனார்கள். ஒரு நாயின் பெயர் நிலைத்துவிட்டது.

புலியைக் குத்தியவன்

சேலம், நாமக்கல், கோவை வட்டாரங்களில் அதிகம் காண்பது புலிகுத்திக் கல். பாய்ந்து எழுந்த புலியின் வாயிலோ வயிற்றிலோ வீரன் ஈட்டியைச் செருகுவான். பட்டியில் அடைத்த மாட்டைக் காக்கப் போய் உயிரை விட்டவன் அவன். காடு எங்கே முடிந்து, மேய்ச்சல் நிலம் எங்கே தொடங்கியது என்று அறிய விரும்புகிறவருக்கு இந்தக் கற்கள் நல்ல வரைபடம். பல ஊர்களில் இவை வேடியப்பன், வேட்டைக்காரன் என்ற பெயரில் இன்றும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

வளையல் கழற்றாத கை

தூணிலிருந்து ஒரு கை மட்டும் மேல்நோக்கி நீளும். முழங்கையை மடக்கி, வளையல் அணிந்திருக்கும். கணவன் சிதையில் ஏறிய பெண்ணுக்கு நட்ட சதிக்கல்லில் காணும் அடையாளம் அது. சுமங்கலியாகவே போனாள் என்பதற்கு வளையல் சாட்சி. கொங்கு நாட்டில் வீரமாத்தி என்று இவர்களைக் கும்பிடுவார்கள். அவளுடைய விருப்பம் என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல எந்தத் தச்சனும் உளி எடுக்கவில்லை.

இரண்டு முறை அடக்கமான கலெக்டர்

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் வரி வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் நாற்றங்கால் இந்த மண்தான். பிறகு சென்னை கவர்னரான அவர், ஊர் திரும்பும் நேரத்தில் 1827 ஜூலை 6-இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். முதலில் குத்தியில் அடக்கம் செய்தார்கள். 1831-இல் எடுத்து வந்து சென்னைக் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்தில் மறுபடி அடக்கினார்கள்.

பீரங்கிக்கு மேடையான கல்லறைகள்

அதே செயின்ட் மேரி தேவாலயம் 1680-இல் திறந்தது. சுற்றிலும் தரையில் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். ஆனால் அவற்றுக்கடியில் யாரும் இல்லை. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இன்றைய உயர் நீதிமன்றப் பக்கத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டது. போர் முடிந்ததும் கல்லறைகளை இடித்துவிட்டுப் பெயர் வெட்டிய கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து பாவினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1780-இல் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியே இறங்கினார். அந்தப் போர்க்காலத்தில், 1782-இல், கற்களைப் பெயர்த்துக் கொத்தளத்தில் பீரங்கி நிறுத்த மேடை போட்டார்கள். பிறகு திரும்பக் கொண்டுவந்து போட்டபோது வரிசை மாறிப்போனது. நம் கணவாயில் கிளம்பிய புழுதி, சென்னையில் செத்தவரையும் சும்மா இருக்கவிடவில்லை! கூட்டத்தில் மூத்தது 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல். இந்தியாவிலுள்ள ஆங்கிலேயர் கல்லெழுத்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று அது.

யேலின் மகன் சென்னையில், யேல் வேல்ஸில்

இடித்தபோது தப்பிய ஒரு பெரிய கல்லறை இன்றும் உயர் நீதிமன்ற, சட்டக் கல்லூரி வளாகத்தில் கோபுரக் கூம்போடு நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் இருவர்: ஜோசப் ஹின்மர்ஸ், சிறுவன் டேவிட் யேல். ஹின்மர்ஸின் மனைவி கேத்தரின், கணவர் இறந்த 1680-ஆம் ஆண்டிலேயே எலிஹு யேலை மணந்தார். அவர்களுடைய பிள்ளைதான் டேவிட். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இந்த எலிஹு யேல். சென்னை கவர்னராக இருந்தவர். அவருடைய கல்லறை வேல்ஸில் ரெக்ஸம் ஊர்த் தேவாலய வளாகத்தில், கோபுரத்துக்கு எதிரே இருக்கிறது. சென்னைக் கல்லறை இங்கேயே இருக்கலாமா, இடம் மாற வேண்டுமா என்பது 2023-இல் உயர் நீதிமன்றத்தில் வழக்காகவே வந்தது.

எலும்புக்கூடு காவல்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. 1656 என்று ஆண்டு பொறித்த வாயில் அது. பயமுறுத்துவதற்காகச் செதுக்கியதில்லை, நாளைக்கு நீயும் இப்படித்தான் என்று நினைவூட்டுவதற்காக. பழைய ஐரோப்பியக் கல்லறைகளுக்கு ஒரு படமொழி உண்டு. மணற்கடிகை என்றால் காலம் கரைகிறது. தலைகீழாய்ப் பிடித்த தீப்பந்தம் அணைந்த உயிர். பாதியில் முறிந்த தூண் இளமையில் வந்த சாவு. துணி போர்த்திய குடம் துக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படிக்கும்படி அமைத்த எழுத்து இது. ஏற்காட்டிலோ சேலத்திலோ பழைய ஆங்கிலேயர் கல்லறை கண்ணில் பட்டால் இந்தப் பட்டியலை வைத்துப் பாருங்கள், ஒன்றிரண்டாவது தேறும்.

கம்பளிக் கட்டு மேல் கல்லறை

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதி ஆட்டு ரோமத்தால் பணம் பார்த்த ஊர்களின் கூட்டம். அங்கே பர்ஃபோர்ட் ஊர்த் தேவாலய வளாகத்தில், பெட்டி வடிவக் கல்லறைகளின் தலையில் வரிவரியாய்ப் பள்ளம் போட்ட அரை உருளை படுத்திருக்கும். கயிறு கட்டிய கம்பளி மூட்டை அது என்று ஊரார் காலங்காலமாகச் சொல்வதால் 'மூட்டைக் கல்லறை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. தறி ஓட்டிய காசில் மாடி வீடு கட்டும் பள்ளிபாளையத்தாருக்கும் குமாரபாளையத்தாருக்கும் அந்தப் பெருமை புரியும்.

மெல்லிய கல், வல்லிய கல்

காட்ஸ்வோல்ட் சுண்ணாம்புக் கல் வெண்ணெய்போல் வெட்டுப்படும். அதனால்தான் பெயின்ஸ்விக் தேவாலய வளாகத்தில் மேசைபோலவும் பீடம்போலவும் பூவேலையோடு அத்தனை கல்லறைகளை 17, 18ஆம் நூற்றாண்டுத் தச்சர்களால் செதுக்க முடிந்தது. ஆனால் மழையும் பனியும் படப்பட எழுத்து கரைகிறது. லெஸ்டர்ஷயரின் ஸ்விட்லாந்து பலகைக் கல் அதற்கு நேர்மாறு: வெட்டிய தேவதை முகம் இருநூறு ஆண்டு கழித்தும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக நிற்கும். நம் பக்கத்துக் கருங்கல் தச்சனின் உளி முனையை மழுக்கும், நுணுக்கம் குறையும். ஆனால் வெட்டிய கோடு ஆயிரம் ஆண்டு நிற்கும். நடுகல் வீரனின் முகத்தில் கண்ணும் மூக்கும் தெளிவில்லாமல், வில்லும் வாளும் மட்டும் தெளிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதிர்ந்த ஈய எழுத்து

கம்பெனிக் காலக் கல்லறைகளில் பலவற்றின் பெயர்ப் பலகை சலவைக் கல். எழுத்தின் பள்ளத்தில் ஈயத்தைத் தட்டி நிரப்புவார்கள். வெயிலில் ஈயம் விரிந்து சுருங்கிக் கழன்றுவிடும்; கழலாததைக் காசுக்காகப் பெயர்த்தும் எடுத்தார்கள். இப்போது பெயர் இருந்த இடத்தில் துளைகள் மட்டும் மிஞ்சும். பொறுமையிருந்தால் துளைகளின் வரிசையை வைத்தே எழுத்தைக் கூட்டிப் படித்துவிடலாம்.

கல்லறைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

சென்னை மாகாணம் முழுக்க இருந்த ஐரோப்பியர் கல்லறைகளின் எழுத்துகளை மாவட்டவாரியாகத் தொகுத்தவர் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. நூல் 1905-இல் அரசு அச்சகத்தில் வந்தது. சேலம் மாவட்டத்துக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. விட்டுப்போனவற்றைச் சேர்த்து 1946-இல் இன்னொரு தொகுதி வந்தது. அதைச் செப்பம் செய்தவர் ஆவணக் காப்பக அதிகாரி பி. எஸ். பாலிகா. இன்று கல் இல்லாத இடங்களிலும் பெயர் மிஞ்சியிருப்பதற்கு இந்த இரண்டு நூல்களே காரணம். 1976-இல் லண்டனில் தெற்காசியக் கல்லறைகளுக்கென்றே ஒரு சங்கமும் தொடங்கினார்கள்.

வாசலில் நிறுத்தப்படும் கறுப்புக் கல்

ஒரு காலத்தில் சீமைச் சலவைக் கல் இங்கே வந்தது. இன்று சரக்கு எதிர்த் திசையில் போகிறது. இங்கிலாந்தில் விற்கும் கல்லறைக் கற்களில் பெரும்பங்கு இந்தியாவிலும் சீனாவிலும் வெட்டி மெருகேற்றியவை. தென்னிந்தியக் கறுப்புக் கிரானைட்டுக்கு அங்கே தனி மவுசு. கிருஷ்ணகிரி, தருமபுரிக் குவாரிகளை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது தெரிந்த வியாபாரம்.

வேடிக்கை என்னவென்றால், ஊர்த் தேவாலய வளாகத்துக்குள் அந்தக் கல் எளிதில் நுழைய முடியாது. மெருகிட்ட கிரானைட், அதிலும் கறுப்பு, சுற்றியிருக்கும் பழைய கற்களோடு ஒட்டாது என்று இங்கிலாந்துத் திருச்சபையின் பெரும்பாலான மறைமாவட்ட விதிகள் தடுக்கின்றன. பங்குக் குருவே அனுமதி தர முடியாது. சபை நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். அப்பாவுக்குப் பிடித்த கறுப்புக் கல்லை வைக்க விடுங்கள் என்று பிள்ளைகள் வழக்காடிய கதைகள் அங்கே நிறைய. நகராட்சி இடுகாடுகளில் இந்தக் கெடுபிடி குறைவு. அங்கே நம் கல் பளபளவென்று நிற்கிறது.

போப் கல்லறையில் இல்லாத வாசகம்

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று ஜி. யு. போப்பின் கல்லறையில் எழுதியிருப்பதாக மேடைதோறும் கேட்டிருப்போம். ஆக்ஸ்போர்டு செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. 1908-இல் இறந்த அவர் தென்னிந்தியாவில் பணி செய்தவர் என்பதும், ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்பதும் அதில் இருக்கின்றன. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்ற குறிப்பு. கடல் தாண்டிப் பணம் அனுப்பித் தமிழர்கள் கல் எழுப்பினார்கள் என்ற அந்த உண்மை, கட்டிய கதையைவிட ஒரு படி மேல்.

மன்னர் வைத்த பளிங்கு

1779-இல் ஹைதர் அலியிடம் தூது போனவர் தஞ்சைப் பாதிரியார் சுவார்ட்ஸ். கம்பெனி அனுப்பிய ஆளென்றாலும் ஹைதர் அவரை மட்டும் நம்பினார் என்பார்கள். 1798-இல் அவர் இறந்தபோது, வளர்ப்பு மகன்போல் இருந்த மன்னர் இரண்டாம் சரபோஜி லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்குச் சிற்பம் செய்வித்தார். சாகும் படுக்கையில் சுவார்ட்ஸ். கையைப் பற்றியபடி மன்னர். இந்து மன்னர் ஒருவர் கிறித்தவத் தேவாலயத்துக்குள் வைத்த அந்தச் சிற்பத்தைத் தஞ்சையில் இன்றும் பார்க்கலாம்.

தண்ணீர் வற்றினால் தெரியும் தேவாலயம்

மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல். முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் 80 அடியை ஒட்டி இறங்கும்போது பண்ணவாடிப் பக்கத்தில் பழைய தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டும். 70 அடிக்கருகே வந்தால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். காவிரிக் கரையிலிருந்த ஊர்கள் மேடேறியபோது வீட்டுச் சாமானைக் கட்டி எடுத்துக்கொண்டார்கள்; கோயிலையும் கோபுரத்தையும் முன்னோரை அடக்கிய நிலத்தையும் விட்டுத்தான் போனார்கள். நந்தி தெரிந்தால் டெல்டாக்காரருக்குக் கவலை, பண்ணவாடிக்காரருக்குப் பழைய ஊர் நினைப்பு.

சேந்தமங்கலத்தில் பாதிரியாரும் அவதூதரும்

நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கு 1623-இல் காவி உடுத்திய இத்தாலியர் ஒருவர் வந்தார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் டி நொபிலி. ஊரை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். முந்நூறு ஆண்டு கழித்து அதே ஊரில் வாழ்ந்தவர் சுயம்பிரகாச பிரம்மேந்திர அவதூதர். மலைமேல் தத்தாத்ரேயர் கோயில் எழுப்பினார். 1948-இல் சமாதியானார், அங்கே இன்றும் பூசை நடக்கிறது. இந்தச் சமவெளியில் புதைத்த இடமெல்லாம் இடுகாடு என்று கொள்வதற்கில்லை. சித்தரும் அவதூதரும் அடங்கிய இடம் கோயில். வீரன் விழுந்த இடமும் கோயில்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாளன்று சேலம், நாமக்கல் கத்தோலிக்கர் குடும்பத்தோடு போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கல்லறை தொடர்ந்து நிற்பதற்குப் பிள்ளைகளின் இந்த ஒரு நாள் போதும். வாரிசு கப்பலேறிப் போய்விட்ட ஆங்கிலேயர் கல்லறைகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் மேல் ஆலங்கன்று முளைத்து வேர் விடுகிறது.

கல்லைப் படிக்க ஒரு முகக்கண்ணாடி

தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் பூசுவார்கள். கம்பித் தூரிகையால் தேய்ப்பார்கள். சிலர் ஆர்வத்தில் எண்ணெய் வண்ணமே அடித்துவிடுவார்கள். மூன்றுமே கல்லைக் கெடுக்கும். வேண்டியது சாய்ந்த வெளிச்சம். காலையோ மாலையோ வெயில் பக்கவாட்டில் விழும்போது, பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து தானே எழும். உச்சி வெயிலானால், கல்லுக்குப் பக்கவாட்டில் ஒரு முகக்கண்ணாடியைப் பிடித்து ஒளியைச் சாய்வாக அடியுங்கள். பிறகு படம் எடுங்கள். அளவு தெரிய ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வையுங்கள்.

பத்து ரூபாய்ச் சட்டம்

மண்ணுக்கடியில் கிடைத்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் வரம்பு போட்டு நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஏர் ஓட்டும்போது மூடுகல்லோ, சாலை அகலப்படுத்தும்போது புலிகுத்திக் கல்லோ தட்டுப்பட்டால், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லலாம். கிடைத்த இடத்திலிருந்து கல்லை நகர்த்த வேண்டாம். எந்தத் திசை பார்த்து நின்றது, பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்தால்தான் அதன் கதை முழுமை பெறும். முதலில் ஒரு படம், ஊர்ப் பெயர், நாள். காட்டனின் புத்தகமும் இப்படிப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்ததால் பிறந்ததுதான்.